ஜாமீன் கையெழுத்தும் ஐம்பது வெள்ளியும்

தையல்காரிக்கு இரண்டு கையும் எப்போதும் துணியில் இருக்கும். போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் பேச முடியும், கடையில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்கத்தான் செய்வார்கள். யாருக்கோ ஜாமீன் போட்டுவிட்டு, தெரியாத எண் என்றாலே போனைக் கவிழ்த்து வைக்கும் உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

பத்து வருடத்துக்கு முன் என் தம்பி குமார் சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். ஒரு நிதி நிறுவனத்தில் படிப்புக் கடன் எடுத்தான். ஜாமீன் கேட்டார்கள். வீட்டில் சம்பளச் சீட்டு வைத்திருந்தது, அப்போது சுங்கை வே தொழிற்சாலையில் வேலை செய்த நான் மட்டும்தான். எங்கள் குடும்பங்களில் இது மொய் எழுதுவது மாதிரி. மறுத்தால் காலத்துக்கும் பேச்சு. போட்டேன். தம்பி ஒன்றரை வருடத்தில் படிப்பை விட்டான், ஜொகூருக்கு வேலைக்குப் போனான், கடனையும் விட்டான். அப்புறம் எட்டு வருடம் சத்தமே இல்லை. செமினியில் ஒரு சின்ன வீடு வாங்க நான் பேங்கில் மனுப் போட்ட மாதம் போன் வர ஆரம்பித்தது.

தூக்கிய கை

இப்போது நான் தைக்கும் பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு பெண்ணுக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். டேப் என் கையில், ஊசி என் வாயில். போன் ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல்: "அக்கா, குமாருக்கு ஜாமீன் நீங்கதானே? அவரு கட்டல. கடன் கட்டாதவங்க பட்டியல்ல உங்க பேரு ஏறுச்சுன்னா வீட்டு லோன் கிடைக்காது, தெரியும்லா?"

வீட்டு லோன் விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடி, ஒரே அளவை மூன்று தடவை எடுத்தேன். அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, கைய இறக்கிக்கவா? அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தோள்பட்டையே போயிரும் லா."

தம்பியின் பதில்

தம்பிக்குப் பதினோரு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. "வீடு கைவிட்டுப் போயிரும்டா, நீ வந்து பேசு" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரு பகல் முழுக்கக் காத்திருந்த பிறகு கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான். என்னோடு தைக்கும் லெட்சுமி எட்டிப் பார்த்தாள்: "கையெழுத்துக்கு நீ, கைநாட்டுக்கு அவரா?"

மரியாதைக்கு ஐம்பது

தீபாவளிக்கு ஒரு வாரம். கடையில் நிற்க இடமில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஃபைலோடு நேரிலேயே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. "எல்லாரும் இருக்காங்க, இங்கயே பேசலாமா அக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். வாடிக்கையாளர்கள் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் போனால் போதும் என்று இருந்தது. மேசை டிராயரிலிருந்து ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினேன். ஏமாறக்கூடாது என்று ரசீதும் கேட்டு வாங்கி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். இரண்டு கையாலும் நோட்டை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "ரொம்ப நன்றி அக்கா. இத்தனை நாளு நீங்க பழைய கணக்கு, இன்னையிலேர்ந்து புதுக் கணக்கு."

ரசீதைப் படித்தவள்

வக்கீல் ஆபிசில் கிளார்க் வேலை பார்க்கும் சாந்தி ரவிக்கை வாங்க வந்தாள். பெருமையாக ரசீதைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. யாரும் ஒன்றும் கட்டாமல் பல வருடம் கிடந்த கடன் அது. கேசு போட்டால் காலம் கடந்துவிட்டது என்று நாம் வாதாடியிருக்கலாமாம். நான் காசு கொடுத்துக் கையெழுத்தும் போட்டதால், கடனை ஒப்புக்கொண்டேன் என்று வருடத்தை முதலிலிருந்து எண்ணுவார்களாம்.

சாந்தி ரசீதை நான்காக மடித்து என் கையில் வைத்தாள்: "ஆன்டி, தூங்கிக்கிட்டு கிடந்த நாய நீங்களே பிஸ்கட் போட்டு எழுப்பி விட்டுட்டீங்க."

சுத்தமான பெயர்

இரண்டு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடன் தீர்ந்தது என்று கடிதம் கொண்டுவந்தால்தான் லோன் என்று பேங்கிலும் சொல்லிவிட்டார்கள். மாத முடிவுக்குள் லோன் வராவிட்டால், விற்கிறவர்கள் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வசூல்காரரிடம் புடவைக் கடையில் பேசுவது மாதிரி பேரம் பேசினேன். பாதித் தொகை, ஒரே தடவை, கடிதம் கையோடு. கிள்ளானில் வேறொரு பேங்கில் வீட்டு முன்பணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, கடைசி நாளுக்கு முந்தின நாள், லோன் கொடுக்கும் பேங்குக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாகச் சிரித்தார்: "உங்க பேரு இப்ப ரொம்ப சுத்தம், ஆன்டி. முன்பணம் கொண்டாந்தீங்களா?"

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான், எங்கள் குடும்பத்திலேயே ஒரு வீட்டை விலையாகக் கொடுத்துப் படித்தவள்.