மலாக்கியின் முறை

என் தம்பி மலாக்கிக்கு முதலில் வந்தது தள்ளாட்டம். குடி அதற்குப் பிறகுதான் வந்தது. இதைச் சொன்னால் அயர்லாந்தில் எங்கள் டொனகால் துறைமுகத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

நரம்பு நோய். கால் மரத்துப்போகும், எரியும், கண் மங்கும். குடித்தால் அத்தனையும் மோசமாகும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அன்று மாலையே மலாக்கி நேராக பேக்கியின் மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்தான்.

"அறிவிருக்காடா உனக்கு?" என்றேன்.

"நோயாளின்னு தெரிஞ்சா மீன்பிடி படகுல ஏத்தமாட்டாங்க அக்கா. குடிகாரன்னா ஏத்துவாங்க. அங்க யாரு குடிக்கல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சொன்னது உண்மை, அதனால்தான். குடித்துவிட்டு விழுகிறவனை எங்கள் ஊர் முதுகில் தட்டிச் சிரிக்கும்.

காலையில் விஸ்கியை ஊற்றி வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவான். வாடை வேண்டுமாம்! கொப்பளித்தது நாளடைவில் உள்ளே போக ஆரம்பித்தது. எந்தத் தள்ளாட்டம் நோயால், எது குடியால் என்று அவனுக்கே தெரியாமல் போயிற்று.

மார்ச் மாதம், கொட்டும் மழை. பட்டப்பகலில் துறைமுகப் படியில் விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான். கூட்டாளி ஓவன் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி, "தூங்கி எந்திரிடா ராசா" என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். அன்பாகத்தான் போர்த்தினான். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் போய்ப் பார்க்கும்போது மலாக்கியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தவன், "குடிய விட்டுட்டேன். ஆனா கடைக்குப் போகணும் அக்கா. அவனுங்க மூஞ்சியப் பாத்து நோயச் சொல்லணும்" என்றான். கூடப் போனேன். சொன்னான். பேக்கி துடைத்த டம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் குடிக்க வாங்கியாக வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். ஓவன் வாங்கினான், இன்னொரு கூட்டாளி கோனல் வாங்கினான். மலாக்கியின் முறை வந்ததும் ஓவன் மறுபடி எழுந்தான். "நீ உக்காரு ராசா, நானே வாங்குறேன்." இழவு வீட்டில் பேசுகிற குரல்.

மலாக்கியின் முகம் சுண்டிப்போயிற்று. குடிகாரனாக இருந்தவரை ஒருநாளும் அவன் முறையை யாரும் பறித்ததில்லை.

மேசையில் ஓங்கி அறைந்தேன். "உக்காருடா ஓவன்! அவன் முறை. அவன்தான் வாங்குவான்."

மலாக்கி கோலை ஊன்றிக் கவுண்டருக்குப் போனான். "ரெண்டு பீர், ரெண்டு டீ" என்றான். ஒரு கை கோலில் இருக்க, ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர முடிந்தது. முதல் கிளாஸில் பாதி ஓவனின் கால்சட்டையில் கொட்டியது. ஒருவனும் சிரிக்கவில்லை.

"சிரிங்கடா!" என்று கத்தினேன். "கீழ விழுந்து கிடந்தப்ப சிரிச்சீங்களே, இப்ப என்ன?"

மலாக்கி அடுத்த கிளாஸை எடுக்கத் திரும்பி நடந்துகொண்டிருந்தான்.