இடது பக்கக் கதவு

எங்கள் அத்தை வெள்ளைக்காரத் துரைமாருக்கு வக்காலத்து வாங்கப் போகிறாள் என்ற செய்தி வந்தபோது சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கையை உதறிவிட்டு, "இவள தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்றார். பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல அந்தப் பெயரே போதும்.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகத்துக்குப் போனவள். அங்கே பிரிட்டிஷ் அரசியலையும் ஆட்சியையும் பற்றிப் பொதுமக்கள் முன்னிலையில் விவாதங்கள் நடத்துவார்கள். தேர்தலில் நிற்காமலே லண்டனில் உட்கார்ந்திருக்கும் பிரபுக்கள் சபையைக் கலைத்துவிட வேண்டும் என்பது அந்த முறை தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் 'கலைக்கக் கூடாது' என்ற பக்கம் அத்தைக்கு விழுந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. எனக்குத் தெரிந்த ஒரே பிரபு எதிர்வீட்டுப் பிரபு அண்ணன்தான். அவரை எதற்குக் கலைக்கிறார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

சித்தப்பா சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டினார். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். துரை ஆண்ட கதைகளைக் கேட்டே வளர்ந்தவர். "யாரும் ஓட்டுப் போடாம நாற்காலியில குந்தியிருக்கிறவன் துரை லா. அவனுக்குப் போயி நீ கொடி பிடிக்கிற" என்று அத்தையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை அசரவில்லை. விவாதம் முடிந்ததும், லண்டன் நாடாளுமன்றத்தில் செய்வது போலவே வந்தவர்கள் நடந்துபோய் ஓட்டுப் போட வேண்டுமாம். கலைக்கலாம் என்பவர்களுக்கு வலது கதவு, கூடாது என்பவர்களுக்கு இடது கதவு.

"மத்தவங்க எல்லாம் பாசத்துக்கு என் கதவுல வந்துருவீங்க. அண்ணே, நீங்க வந்தாதான் நான் பேசி ஜெயிச்சதா அர்த்தம்" என்றாள்.

"என் காலு அந்தப் பக்கம் போவாது" என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். ஆனாலும் எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வேனை ஓட்டி வந்தவர் அவர்தான்.

எதிரணிப் பெண் கோலாலம்பூர்க்காரி. அவளுடைய ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சித்தப்பா எங்கள் எல்லாருக்கும் சேர்த்து அவளுக்குக் கை தட்டினார். அம்மா அவரை முறைத்தாள்.

அடுத்து அத்தை எழுந்தாள். அந்தச் சபையால் ஒரு சட்டத்தை அடியோடு நிறுத்த முடியாது, தள்ளிப்போட்டு 'இன்னொரு தரம் யோசியுங்கள்' என்று சொல்ல மட்டுமே முடியும் என்று ஆரம்பித்தாள். அரைத் தூக்கத்தில் இருந்த எனக்குத் திடீரென்று 'மாரியம்மன்' என்ற சொல் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மீதியை அம்மா என் காதில் தமிழில் சொன்னாள்.

அது எங்கள் தோட்டத்துக் கோவில் கதை. ஜனங்களுக்கு வீடு கட்டக் கோவில் இருந்த நிலத்தைத் தோட்ட நிர்வாகம் கேட்டது. தேர்தல் வைத்துப் போட்ட கோவில் கமிட்டி, ஒரே கூட்டத்தில் கோவிலை வேறு இடத்துக்கு மாற்றச் சம்மதித்துவிட்டது. எந்தப் பதவியும் இல்லாத சில கிழவர்கள், ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குள் ஊரே போய்ப் புது இடத்தைப் பார்த்தது. அது கழிவுநீர்க் குளத்தை ஒட்டி இருந்தது. கமிட்டி தன் முடிவை மாற்றிக்கொண்டது. அம்மன் இன்றைக்கும் பழைய இடத்தில்தான் இருக்கிறாள்.

"கமிட்டிச் செயலாளர் கெட்டவர் இல்லையாம். ஜனங்களுக்கு வீடு கெடைக்குமேன்னு அவசரப்பட்டுட்டாராம்" என்று சொல்லும்போது அம்மாவின் கண் சித்தப்பா மேல் இருந்தது. அத்தை கடைசியாக, "பதறாத காரியம் சிதறாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னாள். கைத்தட்டல் கூரையைத் தொட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டம் எழுந்து கலைந்தது. எங்கள் குடும்பம் இடது கதவில் திமுதிமுவென்று நுழைந்தது. நான் கதவோரம் நின்று திரும்பிப் பார்த்தேன். மண்டபம் காலியாகியும் சித்தப்பா நடுவில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை தலை நிமிராமல் தாள்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். சித்தப்பா வலது கதவைப் பார்த்தார். பிறகு கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நேராக என்னை நோக்கி நடந்து வந்தார்.

அத்தையின் அணி அமோகமாக வென்றது. சித்தப்பா ஒருவர் வராவிட்டாலும் வென்றிருப்பார்கள். விவாதத்தை நடத்திய பேராசிரியர் மேசையைத் தட்டியும் எங்கள் கூச்சல் அடங்கவில்லை. "அண்ணே!" என்று அத்தை ஓடி வந்தாள்.

"ரொம்ப ஆடாத லா. அவசரம், தண்டாஸ் இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. அதான் வந்தேன்" என்றார் சித்தப்பா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு அழகாகப் பேசியவளின் கதவை, இந்த மனிதர் கழிப்பறைக்குப் போகும் வழியாக்கிவிட்டாரே! அதைக் கேட்டும் அத்தை ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்பது எனக்கு விளங்கவேயில்லை. வீடு வரும்வரை சித்தப்பாவோடு பேசாமல் வந்தேன்.

அந்த அவசரக்காரச் செயலாளர் சித்தப்பாதான் என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது. மிச்சம் போன வருஷம்தான் தெரிந்தது. அதே பல்கலைக்கழகத்தில் நானும் சேர்ந்து, அதே மண்டபத்தில் பேசப் போயிருந்தேன். மண்டபம் கொஞ்சமும் மாறவில்லை. மேடை ஏறும் முன், தண்டாஸ் எங்கே என்று அங்கிருந்த காவலாளியிடம் கேட்டேன்.

அவர் வலது கதவைக் காட்டினார்.