முதல்வர் அவிழ்த்தெறிந்த கயிறு

துணி காயப்போடும் பச்சை நைலான் கயிறுதான். நடுவில் சிவப்பு ரிப்பன் துண்டு ஒன்று முடிச்சிட்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய பள்ளி முதல்வர் மீது கோபம் வரும். ஆறிப்போன கோபம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருடம் அதையே உருப்போட வைப்பது அங்கே வழக்கம். அலைகள் பதினோராம் வகுப்புப் பாடம்; அதை யாரும் நடத்துவதில்லை. அதனால் ஒளி அலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு அலை என்றால் என்னவென்று தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுநுனியைப் பிடித்து மேலும் கீழும் உதறினேன். ஒரு மேடு கயிற்றில் ஓடியது. ரிப்பனோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கியது. “கயிறு எங்கியும் போவல மேடம், ஆனா என்னமோ போவுது!” என்று கத்தினாள் மொரப்பூரிலிருந்து வரும் ஒரு பெண். அந்த ‘என்னமோ’தான் ஆற்றல், அதிர்வு மேலும் கீழும், பயணம் முன்னோக்கி, இது குறுக்கலை என்றேன். பிறகு பிள்ளைகளை வரிசையாகத் தோளைப் பிடித்து நிற்கவைத்துக் கடைசியில் நின்றவளை மெல்லத் தள்ளினேன். நெருக்கம் வரிசையின் முன்னால் நின்றவள் வரை போனது; யாரும் இடம் மாறவில்லை. அதிர்வும் பயணமும் ஒரே திசையில், இது நெட்டலை, என் குரல் உங்களுக்குக் கேட்பதும் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது முதல்வர் உள்ளே வந்தார்.

“புள்ளைங்க கயிறு வச்சி வெளையாடவா அவங்க வூட்ல ஃபீஸ் கட்டுறாங்க? பரீட்சைக்கு வராத பாடம் எதுக்குங்க? நாளைலேர்ந்து நீங்க வர வேணாங்க” என்றார். கயிற்றை அவிழ்த்துக் குப்பைக்கூடையில் எறிந்தார். பிள்ளைகள் பார்க்க, குனிந்து அதை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். வேலை போனதைக்கூட மறந்துவிட்டேன். குனிந்ததை மறக்கவில்லை.

இப்போது ஏரியூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் அவரே பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீட் தேர்வில் பதினோராம் வகுப்புப் பாடமும் கேட்கிறார்கள். தாத்தா பள்ளியில் படித்த பையனுக்கு அது தெரியவில்லை. “அலையில ஒண்ணுமே புரியலைங்கறான் மேடம்” என்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கயிற்றை எடுத்தேன். “இந்த நுனியப் புடிங்க சார். அசையாம நில்லுங்க.” உதறினேன். மேடு ஓடிப்போய் அவர் பிடியில் மோதித் தலைகீழாக, பள்ளமாகத் திரும்பி வந்தது. அசையாத முனையில் மோதினால் அப்படித்தான் திரும்பும் என்று பையனிடம் சொன்னேன். அவன் வாயைப் பிளந்தான். முதல்வர் ரிப்பனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கயிறு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“குனிஞ்சு எடுங்க சார்” என்றேன். “பாடம் இன்னும் முடியல.”

பேரன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் குனிந்தார்.