நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அக்கா

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மெக்கானிக்கைக் கம்பெனியில் எல்லோரும் 'உவ்வே அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் நான்கு நாள் ரயிலில் ஊர் ஊராகப் போய் வருகிறவர். கருவிப் பையில் ஸ்பானர்களோடு ஒரு புத்தகமும் கிடக்கும், அட்டையில் கிரீஸ் கைரேகையோடு. படித்து மூடியதும் 'உவ்வே' என்பார். அதுதான் மதிப்புரை.

சும்மா சொல்ல மாட்டார், காரணம் இருக்கும். போன மாதம் படித்த துப்பறியும் நாவலில் ஒரு கயிறு அறுந்ததும் லிஃப்ட் பத்து மாடி விழுந்து நொறுங்கியது. "ஒண்ணு அறுந்தா விழுந்துடுமா? மத்த கயிறெல்லாம் துணி காயப்போடவா இருக்கு?" அடுத்தது காதல் கதை. முந்நூறு பக்கத்தில் ஒருவருக்கும் வேலை என்று ஒன்று இல்லை. "இதுங்க எதைத் தின்னுட்டுக் காதலிச்சுதுங்க?" வெற்றிக்கு வழி சொன்ன மூன்றாவது புத்தகத்தை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினார். ஒரு நல்ல மனிதர் மூச்சிரைக்க ஓடி வந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான்காவது ஒரு பயண நூல், மோட்டார் சைக்கிளில் நாடு சுற்றிய ஓர் எழுத்தாளருடையது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், மலைச்சாலை திரும்பும் இடத்தில், நீலத் தகரக் கூரை போட்ட பஞ்சர் கடை வந்தது. மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய அக்கா கடை. அக்காவின் இடது புருவத்துத் தழும்பைக்கூட எழுத்தாளர் விட்டுவைக்கவில்லை. அதற்குக் கீழே, 'கணவனைச் சாலை விழுங்கிய பின், ஒவ்வொரு வாகனத்திலும் அவனைத் தேடும் கண்கள்' என்று இருந்தது. அவள் எழுத்தாளரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அவரும் அழுதாராம்.

'உவ்வே' என்று புத்தகத்தை மூடினார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

அக்கா ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் செத்துப்போன மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் வாசித்துக் காட்டினார்.

"நான் எப்படா செத்தேன்?" என்றார் மாமா.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல."

அக்கா சிரிக்கவில்லை. "அந்தாளா? முன்சக்கரத்துல ஆணி. இவருதான் சக்கரத்தைக் கழட்டிக் கொடுத்தாரு. அந்தாளு போட்டோ புடிக்கணும்னு இவரையே தள்ளி நிக்கச் சொன்னான்."

"நீ அழுதியாமே?"

"ஒட்டுற சொல்யூஷன் கண்ணுல தெறிச்சா சிரிக்கவா முடியும்? சரி, டயரைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

அந்த வரியைத்தான் மெக்கானிக் வாசிக்காமல் தாண்டிப் போகப் பார்த்திருந்தார். 'அவள் ஒட்டிய டயர் அடுத்த வளைவிலேயே மூச்சை விட்டது, அவள் கணவனைப் போல.'

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "புருஷனைக் கொன்னதைக்கூட விடு. நான் ஒட்டினது வளைவுல போச்சாமா?"

"இவ இதை விடுவாளா?" என்றார் மாமா, சுளையைக் கையில் பிடித்தபடி.

அன்றே பதிப்பகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார்கள். 'இந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வைத்தால் வேறு யாராவது எடுத்துப் படித்துத் தொலைப்பார்களே' என்று மெக்கானிக் ஆத்திரத்தோடு ஆரம்பித்தார். தான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக மாமா கையெழுத்துப் போட்டார்.

பதில் வரவில்லை. நாலு மாதம் கழித்து ரயில் நிலையத்துக் கடையில் இரண்டாம் பதிப்பு கண்ணில் பட்டது. பின்னட்டையில் பெரிய எழுத்தில்: 'இந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. – ஒரு லிஃப்ட் மெக்கானிக்.' உள்ளே புரட்டினார். மாமா இன்னும் செத்துத்தான் கிடந்தார்.

அங்கே நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அதை ஏன் கேக்கிற? நேத்து ரெண்டு பேர் அந்தப் புத்தகத்தோட வந்தாங்க. என் கையைப் புடிச்சு அழணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"வண்டியில காத்து இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க. அப்ப கெளம்புங்கன்னேன்."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "எனக்கே அனுதாபம் சொல்லிட்டுப் போறாங்க மச்சான்!"

ரயில் வந்தது. எதிர் இருக்கைப் பெண் அதே இரண்டாம் பதிப்பை விரித்து வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.