மூன்று சைபரும் சிவநேசனும்

சிவநேசன் செத்துப்போனானாம்.

நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவனுக்கே முகநூலில் மாலை போடுகிற காலம்... போன கிழமைகூட வெள்ளவத்தை மார்க்கெட்டில் பாரைமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் மனைவிக்கு போன் எடுத்து உறுதிப்படுத்திய பிறகுதான் இதை எழுதுகிறேன். ஓம், உண்மைதான். ஹார்ட்.

காலி வீதியில், வரிசை நம்பர் அச்சடிக்கிற டோக்கன் மெஷின் விற்கிற கம்பெனியில் ஒன்றாக இருந்தோம். கம்ப்யூட்டர் சொல்வதை மெஷினுக்கு விளங்கவைக்கிற புரோகிராம், அதுதான் டிரைவர், அதை எழுதுபவன் அவன். மெஷினைத் திறக்கிற கை என்னுடையது. அந்த நாளில் கொழும்பிலேயே பிரிண்டரின் வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் கனடா போய்விட்டார்கள்.

அவனில் எனக்கு எப்போதும் சந்தேகம். ஸ்கிரீனை மறைத்துக்கொண்டுதான் சோற்றுப் பார்சலையே பிரிப்பான்.

ஒரு நாள் அவன் வத்தளையில் கல்யாண வீட்டில். டோக்கன் மெதுவாக வருகிறது என்று கொட்டாஞ்சேனை கிளினிக்கில் இருந்து கோல். நான் போனேன்.

பேப்பரை நிறுத்தச் சொன்ன பிறகு கத்தி எவ்வளவு நேரம் பொறுத்து வெட்ட வேண்டும் என்ற செட்டிங்கில் 20000 என்று கிடந்தது. மெஷின் புத்தகத்திலோ வெறும் 20 மில்லிசெக்கன்!

கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மெஷின் இழுத்தால்தானே எல்லோரும் இவனையே தேடுவார்கள்... மூன்று சைபரை வெட்டி எறிந்தேன். டெஸ்ட் பண்ணவில்லை. அது வேலை தெரியாதவர்களுக்கு.

அவன் எழுதியிருந்தது மைக்ரோசெக்கனில். ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால்தான் ஒரு மில்லி. எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த நாள் பேப்பர் நிற்க முன்னமே கத்தி இறங்கி நம்பரை நடுவால் வெட்டியது. கிளினிக்கில் ஐந்நூறு பேர். சரி, ஐம்பது.

"நாப்பத்தொண்டு நான்!"

"அக்கா, உங்களிட்ட இருக்கிறது தலை. கால் என்ர கையில!"

முதலாளி கூப்பிட்டார். "சேர், டிரைவரில பிழை. சிவாவைக் கேளுங்கோ" என்றேன்.

வெளியே வந்ததும் சிவா கேட்டான். "அண்ணை, செட்டிங்கைத் தொட்டனீங்களோ?"

"நானோ? தூசி துடைச்சிட்டு வந்தனான்."

"துடைக்கேக்க மூண்டு சைபரும் அழிஞ்சு போச்சுதோ?"

சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. முதலாளிக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் என் பேரை எழுதியிருப்பான்... ரிட்டயர் ஆன பிறகும் அதே நினைப்பு.

இன்று காலை ஒபிசுக்கு போன் எடுத்து, இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளையிடம் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி வாசிக்கச் சொன்னேன்.

"அங்கிள், இதில உங்கட பேரே இல்லை."

"வடிவாப் பார் பிள்ளை."

"ஓம் அங்கிள். 'செட்டிங்கின் பேரில் மைக்ரோசெக்கன் என்று போடாமல் விட்டது என் பிழை. இப்போது போட்டுவிட்டேன்.' கீழ சிவநேசன் எண்டு சைன்."

இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன்.

நாளைக்குப் பின்னேரம் கனத்தை மயானத்தில் தகனம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வா சிவா. வெட்டினது நான்தான்.