முன் ஆக்சிலை யார் பார்க்கப்போகிறார்கள்?

என் தங்கையின் புருஷன், எங்கள் மாப்பிள்ளைக்கு மலைராஜா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அவரே ஜீப்பின் கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் அந்த ஜீப் ஒரு மேட்டைக்கூடப் பார்த்ததில்லை. கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றி, வீட்டு வாசலில் நின்று, மெழுகு பூசிக்கொள்ளும். ஆளைப் பார்த்தால் அழகு, வேலையைப் பார்த்தால் இழவு என்பார்களே, இரண்டுக்கும் பொருந்தும்.

என் தங்கைக்கு மலைமேல் குவாரிப் பள்ளியில் தலைமை ஆசிரியை வேலை வந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்து கிடைத்தது. குறித்த நாளில் மதியத்துக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். மழையில் பாதை அரித்துக் கிடந்ததால் பஸ் இல்லை. மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

அதற்காகத்தான் பெரிய டயர் வாங்கினாராம். மாட்டியதும் வண்டி சின்ன ஏற்றத்துக்கே திணறியது. திணறாதா பின்னே? நான் உதிரிபாகக் கடையில் காலம் தள்ளுகிறவன், பொறுமையாகத்தான் சொன்னேன். டயர் பெரிதானால் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்லையும் மாற்ற வேண்டும். பழைய பல்லில் ஷாஃப்ட் நாலு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்த டயருக்கு ஐந்து சுற்றாவது வேண்டும், அப்போதுதான் இன்ஜினுக்கு மூச்சு வரும். இதை முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மாப்பிள்ளை பின்னாடிக்கு மட்டும் ஒரு செட் வாங்கினார்.

"ரோட்ல பின்னாடிதானே தள்ளுது மச்சான்? முன் ஆக்சில யாரு குனிஞ்சு பாக்கப்போறா?"

மிச்சப் பணத்தில் கூரைமேல் ஆறு விளக்கு மாட்டினார். நாங்கள் போகப்போவதோ பட்டப்பகலில். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான்.

குறித்த நாள் காலையில் கிளம்பினோம். தார் ரோட்டில் வண்டி பறந்தது, அவர் வாயும் பறந்தது. பாதி மலையில் பாறையும் சேறுமாக ஏற்றம் வந்ததும், முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கும் ஃபோர் வீல் லீவரைப் போட்டார். வாங்கியதிலிருந்து அன்றுதான் அதைத் தொடுகிறார். பழைய பல்லில் முன்சக்கரம் வேகமாக ஓடப்பார்க்கிறது, புதுப் பல்லில் பின்சக்கரம் மெதுவாகச் சுற்றி அதைப் பிடித்து இழுக்கிறது. ஒரே வண்டிக்குள் இரண்டு வண்டி. நிறுத்துங்க என்று நான் கத்தியதற்கு ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்தார். அடியில் படாரென்று ஒரு சத்தம். இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெடித்து ஆயில் பாறையில் ஓடியது.

மாப்பிள்ளை இறங்கிப் பாதையைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். என் தங்கை கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த ஆளை அங்கேயே உருட்டிவிடலாம் போல இருந்தது.

கீழேயிருந்து குவாரிக்குச் சிமென்ட் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. தங்கை கை காட்டி நிறுத்தி, பெட்டியைத் தூக்கிப் போட்டு, மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். சேலையெல்லாம் சிமென்ட். மாப்பிள்ளை பத்தே நிமிஷத்தில் சரிபண்ணிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க வண்டியப் பாத்துக்கங்க" என்றாள். டிராக்டர் கிளம்பிவிட்டது. மதியத்துக்குச் சற்று முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இப்போது பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். முதலில் எல்லாம் சனிக்கிழமைதோறும் டிராக்டரில் இறங்கி வந்தாள், பிறகு அது குறைந்தது. மாப்பிள்ளை போனில், வண்டி ரெடியாகட்டும், ராணி மாதிரி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அளப்பார். போன மாதம் நான் பக்கத்தில் இருக்கும்போதே பேசினார். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"வண்டி வேண்டாங்க. நடந்து வாங்க. சேந்து சாப்பிடலாம்."

காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மனிதர் இதுவரை போகவில்லை.