அம்மா விட்ட பெயர்

மின்சார ரயில் சானடோரியத்தில் நின்றது. எதிரே அமர்ந்திருந்த பெண் இருமினாள். எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

எண்பதுகளில் அம்மா அந்த ஸ்டேஷனை ஒட்டிய ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டில் இருந்தாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பாவோடு வேப்பமரத்தடியில் நிற்பேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அம்மா கர்த்தரின் பெயர்களைச் சொல்வாள். நான் திருப்பிச் சொல்வேன். யெகோவா யீரே, பார்த்துக்கொள்கிறவர். யெகோவா ராப்பா, குணமாக்குகிறவர். யெகோவா ஷாலோம், சமாதானம் தருகிறவர்.

ஒரு ஞாயிறு யீரேவுக்குப் பிறகு நேராக ஷாலோம் என்றாள்.

“அம்மா, ராப்பாவ விட்டுட்டியே!” என்று கத்தினேன்.

“அது உனக்கு இருக்கட்டும்டி. எனக்கு ஷாலோம் போதும்.”

அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

ரயில் நகர்ந்தது. இருமிய பெண்ணுக்காக ராப்பா என்று முணுமுணுத்தேன். எத்தனையோ காய்ச்சலில் கிடந்தும் எனக்காக அதைச் சொன்னதில்லை. எனக்கென்று விட்டுப்போனாலும் அது இன்னும் அம்மாவுடையது.